பிறந்தபோது இரண்டு கிலோ நூறு கிராம்

கேள்வி: எனக்கு வயது 28. திருமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சொந்த அத்தை மகனைத்தான் திருமணம் செய்திருக்கிறேன். முதல் மகன் 38வது வாரத்தில் பிறந்தான். எனக்குக் கடைசி மாதத்தில் பி.பி. கூடி, சிறுநீரில் உப்பு இறங்குவதாகச் சொல்லி, வலி வர மருந்து வைத்துப் பிரசவம் பார்த்தார்கள். பிள்ளையின் எடை 2 கிலோ 100 கிராம். இப்போது அவனுக்கு நான்கு வயது. எடை 14 கிலோ, உயரம் 98 செ.மீ. என் கணவருக்கு 33 வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது. மாமா 48 வயதில் மாரடைப்பில் இறந்தார். எடை குறைந்து பிறந்த பிள்ளைகளுக்குப் பின்னாளில் சர்க்கரையும் மாரடைப்பும் வரும் என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நான் ஒழுங்காகச் சாப்பிடாததுதான் காரணம் என்கிறார் அத்தை. என் தவறா, அல்லது மரபணுவா? மரபணுப் பரிசோதனை செய்து பார்க்கலாமா? மகனுக்கு நிறையக் கொடுத்து உடம்பைத் தேற்ற வேண்டுமா? இப்போது மீண்டும் கருவுற்றிருக்கிறேன். 13 வாரம் ஆகிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடிதத்தின் கடைசி வரியில் எழுதியதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் கால அவகாசம் குறைவு. முந்தைய கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் உயர்ந்து, சிறுநீரில் புரதமும் வெளியேறிய ஒருவருக்கு (நீங்கள் உப்பு என்று எழுதியிருப்பது இந்தப் புரதத்தைத்தான்) அடுத்த கர்ப்பத்திலும் அதே நிலை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதைக் குறைப்பதற்காகக் குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரையை 12வது வாரத்துக்குப் பிறகு, கூடுமானவரை 16வது வாரத்துக்குள், மருத்துவர்கள் தொடங்குகிறார்கள். ஆகவே இந்த வாரமே உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் பழைய பிரசவக் குறிப்பேட்டை எடுத்துச் சென்று, முதல் பிரசவத்தில் நடந்ததைச் சொல்லி, இந்த மாத்திரை எனக்குத் தேவையா என்று கேளுங்கள். கடையில் வாங்கி நீங்களாகப் போட்டுக்கொள்ள வேண்டாம். அளவையும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இனி, உங்கள் தூக்கத்தைக் கெடுத்த செய்திக்கு வருகிறேன். அது முழுப் பொய் அல்ல. ஆனால் பாதி சொல்லப்பட்ட உண்மை. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பகுதியில் 1911ஆம் ஆண்டு முதல் பிறந்த குழந்தைகளின் எடையை அங்கே வீடுவீடாகச் சென்ற செவிலியர்கள் பதிவேட்டில் குறித்து வைத்திருந்தார்கள். டேவிட் பார்க்கர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் அந்தப் பதிவேடுகளைத் தேடி எடுத்து, அதில் உள்ளவர்கள் பிற்காலத்தில் எந்த நோயால் இறந்தார்கள் என்று பார்த்து, எடை குறைந்து பிறந்தவர்களிடையே மாரடைப்பு மரணம் அதிகம் என்று 1989இல் வெளியிட்டார்கள். நம் பக்கத்திலேயே மைசூரில், ஒரு மருத்துவமனையில் 1934 முதல் பிறந்தவர்களின் பதிவேடுகளைக் கொண்டு இதே போன்ற ஆய்வு நடந்து 1996இல் வெளிவந்தது. நடுத்தர வயதை எட்டிய அவர்களில், 2.5 கிலோவோ அதற்கும் குறைவாகவோ பிறந்தவர்களிடம் இதய நோய் 11 சதவீதமாகவும், 3.1 கிலோவும் அதற்கு மேலும் பிறந்தவர்களிடம் 3 சதவீதமாகவும் இருந்தது. இந்த எண்ணைப் படித்ததும் உங்களுக்குப் பயம் வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதே எண்ணை மறுபக்கத்திலிருந்தும் படியுங்கள்: எடை குறைந்து பிறந்தவர்களிலும் நூற்றுக்கு 89 பேருக்கு அந்த வயதில் இதய நோய் இல்லை. பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், பிறப்பு எடையில் ஒரு கிலோ கூடுதலாக இருந்தவர்களுக்கு இதய நோய் ஆபத்து 10 முதல் 20 சதவீதம் வரை குறைவு. புகைபிடிப்பதோ, கவனிக்கப்படாத இரத்த அழுத்தமோ செய்யும் கெடுதலோடு ஒப்பிட்டால் இது சிறியது.

இந்தத் தொடர்பு ஏன் இருக்கிறது என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம். கருப்பையில் ஊட்டம் குறைந்தால் குழந்தையின் உடல் சிக்கனத்துக்குப் பழகிவிடுகிறது. பின்னாளில் உணவு தாராளமாகக் கிடைக்கும்போது அந்த உடலால் அதைச் சமாளிக்க முடிவதில்லை என்று பார்க்கரும் நிக்கோலஸ் ஹேல்ஸும் 1992இல் விளக்கினார்கள். பல ஆண்டுகளாக மக்கள் மனத்தில் பதிந்திருப்பது இந்த விளக்கம்தான். தாய் சரியாகச் சாப்பிடவில்லை என்ற பழி இதிலிருந்து மிக எளிதாகப் பிறந்துவிடுகிறது. ஆனால் இதற்கு இணையாக இன்னொரு விளக்கம் உண்டு. அதற்கான சான்றுகளும் கடந்த கால் நூற்றாண்டில் நிறையச் சேர்ந்துவிட்டன.

கருவில் இருக்கும் குழந்தை வளர்வதற்கு முக்கியமான ஹார்மோன் இன்சுலின். தாயின் இரத்தத்தில் உள்ள சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குச் செல்லும். தாயின் இன்சுலின் கடந்து செல்லாது. எனவே குழந்தையின் சொந்தக் கணையம் எவ்வளவு இன்சுலினைச் சுரக்கிறது, அதன் உடல் அந்த இன்சுலினுக்கு எவ்வளவு இணங்குகிறது என்பதைப் பொறுத்தே அதன் எடை கூடுகிறது. இன்சுலின் சுரப்பைக் குறைக்கும் மரபணு வேறுபாடு ஒரு குழந்தைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கருப்பையில் சற்றுச் சிறியதாக வளரும். அதே வேறுபாட்டின் காரணமாகவே நாற்பது வயதில் சர்க்கரை நோய்க்கும் ஆளாகலாம். இங்கே எடை குறைவு நோயை உண்டாக்கவில்லை. எடைக் குறைவும் நோயும் ஒரே காரணத்திலிருந்து, இரண்டு வெவ்வேறு வயதுகளில் வெளிப்படுகின்றன.

இது வெறும் ஊகமாக இருந்திருந்தால் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் ஆண்ட்ரூ ஹேட்டர்ஸ்லியின் குழு, குளுக்கோகைனேஸ் என்ற மரபணுவில் அரிதான பிறழ்வு உள்ள குடும்பங்களை ஆராய்ந்து 1998இல் வெளியிட்ட முடிவு இதைத் தெளிவாகக் காட்டியது. உடலில் சர்க்கரையின் அளவை உணர்ந்து இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மரபணு அது. பிறழ்வு குழந்தைக்கு மட்டும் இருந்து தாய்க்கு இல்லையென்றால், பிறப்பு எடை சுமார் 500 கிராம் குறைந்தது. தாய்க்கு மட்டும் இருந்து குழந்தைக்கு இல்லையென்றால், தாயின் சர்க்கரை உயர்ந்திருப்பதால் குழந்தை வழக்கத்தைவிட சுமார் 600 கிராம் கூடுதலாகப் பிறந்தது. இருவருக்கும் இருந்தால் ஒன்றை ஒன்று சமன்செய்து, எடை ஏறக்குறைய இயல்பாகவே இருந்தது. ஒரே மரபணு, யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்து எடையைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது.

உங்கள் கணவரை இங்கே நான் நினைக்கிறேன். தந்தையின் கருப்பையில் குழந்தை வளர்வதில்லை. அவர் தருவது மரபணுவை மட்டுமே. அப்படியிருந்தும், தந்தைக்குச் சர்க்கரை நோய் இருக்கும் அல்லது பின்னர் வரும் குடும்பங்களில் குழந்தைகள் சற்று எடை குறைந்து பிறப்பதை பிரிட்டனிலும், அமெரிக்கப் பழங்குடியினரான பீமா மக்களிடையிலும் கண்டிருக்கிறார்கள். 33 வயதில் சர்க்கரை நோய் வந்த தந்தையின் மகன் எடை குறைந்து பிறந்ததில் தந்தைவழிப் பங்கும் இருந்திருக்கலாம் என்பதை உங்கள் அத்தைக்கும் சொல்லுங்கள். குறை சொல்வதற்காக அல்ல. உங்கள் கணவரின் சர்க்கரையைக் குடும்பமே கவனிக்க வேண்டும் என்பதற்காக.

சாதாரணமாக எல்லோரிடமும் காணப்படும் சிறுசிறு மரபணு வேறுபாடுகளுக்கு இப்போது வருகிறேன். 2019இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, சுமார் 3,21,000 பேரின் சொந்தப் பிறப்பு எடையையும், சுமார் 2,30,000 தாய்மார்கள் பெற்ற குழந்தைகளின் எடையையும் எடுத்துக்கொண்டு, பிறப்பு எடையோடு தொடர்புள்ள 190 மரபணு அடையாளங்களைக் கண்டது. அதன் சிறப்பு, தாயின் மரபணு கருப்பையின் வழியாகச் செய்வதையும் குழந்தையின் மரபணு தானே செய்வதையும் பிரித்துப் பார்த்ததில் இருக்கிறது. ஒரு தாய் தன் மரபணுக்களில் பாதியைத்தான் குழந்தைக்குக் கொடுக்கிறாள். கொடுக்காத மறுபாதியும் அவள் உடலில் இருந்துகொண்டு அவளுடைய இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் நிர்ணயிக்கிறது. அந்தப் பாதி குழந்தையைத் தொடுவது கருப்பையின் சூழல் வழியாக மட்டுமே. இந்த வேறுபாட்டைப் பயன்படுத்திக் கணக்கிட்டபோது, தாயின் இரத்த அழுத்தத்தை உயர்த்தும் மரபணுக்கள் குழந்தையின் எடையைக் குறைக்கின்றன என்பது தெளிவானது. கால்வாயின் மேற்பகுதியில் நீர்வரத்து தடைப்பட்டால் மேலூர்க் கடைமடை வயல் முதலில் வாடுவதைப் போல, தாயின் இரத்தக் குழாய்கள் இறுகும்போது நஞ்சுக்கொடிக்கு வரும் இரத்தம் குறைந்து குழந்தை வாடுகிறது. ஆனால் அந்தக் குழந்தை வளர்ந்தபின் அதற்கு இரத்த அழுத்தம் கூடுவது, கருப்பையில் வாடியதால் அல்ல, பெரும்பாலும் அந்த மரபணுக்களைத் தானும் பெற்றுக்கொண்டதால்தான் என்றே அந்த ஆய்வு முடிவு சொன்னது.

உங்கள் முதல் பிரசவத்தில் நடந்ததை இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். உங்கள் இரத்த அழுத்தம் உயர்ந்தது, சிறுநீரில் புரதம் இறங்கியது, நிறைமாதத்திலும் குழந்தை 2.1 கிலோதான் இருந்தது. உங்கள் மகனின் எடைக்குறைவுக்கு மிக நெருக்கமான காரணம் இந்தக் கர்ப்பகால இரத்த அழுத்தமாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. அது நீங்கள் ஒரு வேளை சோற்றைக் குறைத்ததால் வருவதல்ல. நஞ்சுக்கொடி கருப்பையில் பதியும் முதல் மாதங்களிலேயே அதற்கான வித்து விழுந்துவிடுகிறது. உங்கள் தவறா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை.

ஆனால் எல்லாமே மரபணுதான், நம் கையில் ஒன்றுமில்லை என்று நீங்கள் எடுத்துக்கொண்டால், என் பதில் உங்களுக்குத் தீங்கு செய்துவிடும். 2016இல் வெளிவந்த முந்தைய பெரிய ஆய்வில், குழந்தைகளின் பிறப்பு எடையில் காணும் வேறுபாட்டில் சுமார் 15 சதவீதத்தைத்தான் குழந்தையின் மரபணு வேறுபாடுகளைக் கொண்டு விளக்க முடிந்தது. மீதியில் தாயின் உடல்நிலை, நஞ்சுக்கொடி, உணவு, கர்ப்ப காலம் எல்லாம் இருக்கின்றன. நெதர்லாந்தில் 1944–45 குளிர்காலத்தில் நாஜி ஆக்கிரமிப்பினால் உணவு தடைப்பட்டுப் பஞ்சம் வந்தபோது கருவில் இருந்தவர்களைப் பிற்காலத்தில் பரிசோதித்தார்கள். அவர்களுக்கு இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் திறன் குறைந்திருந்தது. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் பஞ்சத்தை அனுபவித்த தாய்மார்களின் பிள்ளைகள் எடை குறையாமலே பிறந்தார்கள். அப்படியும் அவர்களிடையே இதய நோய் அதிகமாக இருந்தது. மரபணு மாறாமலே, எடை குறையாமலே, கருப்பைக் காலம் உடலில் தடம் பதிக்க முடியும் என்பதற்கு இது சான்று. பிறப்பு எடை என்ற ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு கவலைப்படுவதோ, நிம்மதியடைவதோ இரண்டுமே சரியல்ல என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

சொந்தத்தில் திருமணம் செய்ததைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அத்தை உங்கள் தந்தையுடன் பிறந்தவர். ஆகவே உங்கள் உடல்வாகும் உங்கள் கணவரின் உடல்வாகும் ஒரு பகுதி ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து வந்தவை. நெருங்கிய உறவில் பிறக்கும் குழந்தைகளின் எடை சராசரியாகச் சற்றுக் குறைவாக இருப்பதுண்டு. அந்த வேறுபாடு சிறியது. இரண்டு பக்கமும் ஒரே பிறழ்வு சேர்ந்தால் மட்டும் வரும் அரிய நோய்களின் வாய்ப்புதான் இத்தகைய திருமணங்களில் கவனிக்க வேண்டியது. உங்கள் இரு குடும்பத்திலும் பிறவியிலேயே காது கேளாமை, வளர்ச்சிக் குறைபாடு, காரணம் தெரியாத சிசு மரணம் போன்றவை இருந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மரபணுப் பரிசோதனை பற்றி: உங்கள் மகனுக்கு வேண்டாம். பிறப்பு எடையையும் சர்க்கரை நோயையும் பாதிக்கும் பொதுவான வேறுபாடுகள் ஒவ்வொன்றும் செய்வது மிகச் சிறிய மாற்றம். சர்க்கரை நோயோடு தொடர்புள்ளவற்றுள் வலிமையானதான ஒரு வேறுபாடு தாயிடம் இருந்தால்கூடக் குழந்தையின் எடை சுமார் 30 கிராம்தான் கூடுகிறது. இவற்றில் பெரும்பாலானவை ஐரோப்பியரிடம் கண்டறியப்பட்டவை. அவை இந்தியக் குழந்தைகளின் எடையையும் அதே விதமாகவே பாதிக்கின்றன என்று ஹைதராபாத் விஞ்ஞானிகள் பங்கேற்ற ஆய்வு 2022இல் காட்டியிருக்கிறது. ஆனால் அது மக்கள் கூட்டத்துக்குப் பொருந்தும் முடிவே தவிர, ஒரு தனிப் பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்லும் கருவி அல்ல. சோதனையில் எந்த முடிவு வந்தாலும் நீங்கள் அவனுக்குச் செய்ய வேண்டியது மாறப்போவதில்லை. அந்தப் பணத்தை வேறு நல்ல காரியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணவர் ஒல்லியான உடல்வாகு கொண்டவராக இருந்து, அவர் குடும்பத்தில் தொடர்ந்து மூன்று தலைமுறைக்கு இளம் வயதிலேயே சர்க்கரை வந்திருந்தால் மட்டும், ஒற்றை மரபணுவால் வரும் வகையா என்று அவருடைய மருத்துவரிடம் கேட்கலாம். அது சிகிச்சையையே மாற்றக்கூடும்.

மகனின் உணவு குறித்து நீங்கள் கேட்டதுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. நான்கு வயதில் 14 கிலோவும் 98 செ.மீ.யும் இயல்பான எல்லைக்குள்தான் இருக்கின்றன. உயரத்துக்கு ஏற்ற எடை அவனுக்கு இருக்கிறது. அவனைத் தேற்ற வேண்டியதில்லை. தயவுசெய்து கொழுகொழுவென்று ஆக்க முயலாதீர்கள். புனேயில் மருத்துவர் யாஜ்னிக் தலைமையில் நடந்த ஆய்வில், அங்குள்ள கிராமங்களில் சராசரியாக 2.7 கிலோவோடு பிறந்த குழந்தைகளை, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோவோடு பிறந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். நம் குழந்தைகளுக்குத் தசை மிகவும் குறைவாக இருந்தது; தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உடலுக்குள் கொழுப்பு. டெல்லியில் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனிக்கப்பட்ட ஒரு தலைமுறையை இளமைப் பருவத்தில் பரிசோதித்தபோது, சர்க்கரை நோயோ அதன் முன்நிலையோ வந்தவர்கள், இரண்டு வயதில் ஒல்லியாக இருந்து, அதன்பின் 12 வயது வரை உயரத்தை மீறி எடை ஏறிக்கொண்டே வந்தவர்கள் என்று தெரிந்தது. அவர்களில் பலர் அந்த வயதில் குண்டாகத் தெரியவும் இல்லை. உங்கள் மகன் இப்போது அந்தப் பருவத்தின் வாசலில்தான் நிற்கிறான்.

ஆகவே பாலில் கலக்கும் இனிப்புப் பொடிகள், டீயோடு பிஸ்கட், மாலையில் கடை வடை, அழும்போதெல்லாம் ஒரு பாக்கெட் நொறுக்கு என்ற பழக்கம் வேண்டாம். பருப்பு, முட்டை, மீன், சுண்டல், வேர்க்கடலை, கீரை, தயிர் எல்லாம் தசை வளர உதவும். உங்கள் பக்கத்தில் விளையும் குதிரைவாலியும் கம்பும் அரிசியோடு மாறி மாறி வரட்டும். தட்டில் மிச்சம் வைத்தால் துரத்தித் துரத்தி ஊட்ட வேண்டாம். தினமும் தெருவில் ஓடி விளையாடட்டும். அங்கன்வாடியில் எடையோடு உயரத்தையும் அளந்து எழுதச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, குழந்தைகளுக்கான சிறிய கைப்பட்டை உள்ள கருவியில் இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். பல இடங்களில் நாம் கேட்டால்தான் பார்ப்பார்கள். இப்போதே சர்க்கரை, கொழுப்பு என்று இரத்தம் எடுக்கத் தேவையில்லை.

இந்தக் கர்ப்பத்துக்கு: ஒவ்வொரு முறையும் இரத்த அழுத்தமும் சிறுநீர்ப் புரதமும் பார்க்கப்பட வேண்டும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனையை இதுவரை செய்யவில்லையென்றால் உடனே செய்துவிட்டு, 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும் செய்யுங்கள். அளவு 140 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று பொருள். முதல் குழந்தை எடை குறைந்து பிறந்ததால் உங்களுக்குச் சர்க்கரை வராது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கடைசி மூன்று மாதங்களில் குழந்தையின் வளர்ச்சியையும் நஞ்சுக்கொடிக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தையும் பார்க்கும் ஸ்கேன் உங்களுக்குத் தேவைப்படும். பிள்ளை பெரிதானால் பிரசவம் கஷ்டம் என்று சொல்லி வயிற்றைக் காயப்போடும் பழக்கம் நம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது, அதற்கு இணங்காதீர்கள். புனே ஆய்வில், கர்ப்பிணியாக இருந்தபோது பால், கீரை, பழம் ஆகியவற்றை அடிக்கடி சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகள் நல்ல வளர்ச்சியோடு பிறந்தார்கள். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளை விடாதீர்கள். விறகடுப்புப் புகையிலிருந்தும், வீட்டில் யாராவது பிடிக்கும் பீடி, சிகரெட் புகையிலிருந்தும் விலகி இருங்கள். கடுமையான தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீரென முக வீக்கம், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கிராம சுகாதார செவிலியரின் எண் வீட்டில் எல்லோரிடமும் இருக்கட்டும்.

பிரசவத்துக்குப் பிறகு உங்களை நீங்கள் மறந்துவிடக் கூடாது என்பதையும் வற்புறுத்திச் சொல்கிறேன். கர்ப்பத்தில் இரத்த அழுத்தமும் புரத இழப்பும் வந்த பெண்களுக்குப் பின்னாளில் இதய நோயும் பக்கவாதமும் வரும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. உங்கள் கடிதம் முழுவதும் மகனின் இதயத்தைப் பற்றியே இருந்தது. அதைப் படித்தபோது எனக்கு உங்கள் இதயத்தைப் பற்றித்தான் கவலை வந்தது. ஆண்டுதோறும் இரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கணவருக்கும், அவருடன் பிறந்தவர்களுக்கும், தந்தை 48 வயதிலேயே மாரடைப்பில் இறந்திருப்பதால், கொழுப்புப் பரிசோதனை அவசியம். கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 190 மி.கி. அளவைத் தாண்டியிருந்தால் அது குடும்பவழி வரும் கொழுப்பு மிகைப்பாக இருக்கலாம். அதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் கணவர் இன்னும் அதில் பதிவு செய்யவில்லையென்றால், ஆஸ்பிரின் பற்றிக் கேட்க நீங்கள் போகும் அன்று அவரையும் உடன் அழைத்துச் சென்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துவிடுங்கள்.